வயலோரத்து எல்லைக்கல்லை எப்படிப் படிப்பது?

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் வயலோரமாகப் போகும் நடைபாதை ஒன்றில், முழங்கால் உயரத்துக்கு நட்டிருந்த ஒரு கல்லைப் பார்த்ததாகவும், அதன் ஒரு முகத்தில் ஓர் எழுத்தும் மறுமுகத்தில் வேறோர் எழுத்தும் வெட்டியிருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது என்ன கல், எவ்வளவு பழையது, இன்றும் அதற்குச் சட்ட மதிப்பு உண்டா என்பவை உங்கள் கேள்விகள். அது பெரும்பாலும் இரண்டு பாரிஷ்களுக்கு இடைப்பட்ட எல்லைக்கல்லாக இருக்கும். எந்த முகம் எந்தப் பாரிஷை நோக்குகிறதோ அந்த முகத்தில் அந்தப் பாரிஷின் பெயருக்குரிய முதலெழுத்தை வெட்டுவது வழக்கம். கல் 18ஆம் அல்லது 19ஆம் நூற்றாண்டில் நட்டதாக இருக்கக்கூடும். ஆனால் அது நிற்கும் எல்லைக்கோடு அதைவிடப் பல நூறு ஆண்டுகள் மூத்ததாக இருக்கலாம். கல்லின் வயது வேறு, எல்லையின் வயது வேறு என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிதாக விளங்கும்.

பாரிஷ் என்பது தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'பங்கு' என்று சொல்லும் அமைப்பு: ஒரு தேவாலயமும் அதற்கு உட்பட்ட ஊர்களும் நிலங்களும். இங்கிலாந்தின் பாரிஷ் எல்லைகள் 12ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பாலும் நிலைபெற்றுவிட்டன. அவற்றை மக்கள் அத்தனை கவனமாகக் காத்ததற்குக் காரணம் பக்தி மட்டும் அன்று. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் எந்தத் தேவாலயத்துக்குச் சேர வேண்டும் என்பதை அந்தக் கோடுதான் முடிவு செய்தது. 1555ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சாலைகளைச் செப்பனிடும் பொறுப்பும், 1601ஆம் ஆண்டு ஏழையர் சட்டத்துக்குப் பிறகு ஏழைகளையும் ஆதரவற்றவர்களையும் காப்பாற்றும் பொறுப்பும் பாரிஷின் தலையில் விழுந்தன. 1662இல் வந்த குடியிருப்புச் சட்டம் இதை இன்னும் கடுமையாக்கியது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பின்னால் பாரிஷுக்குச் செலவு வைப்பார் என்று தோன்றினால், அவர் வந்த 40 நாள்களுக்குள் அவரைச் சொந்தப் பாரிஷுக்குத் திருப்பி அனுப்ப முடிந்தது. மணமாகாத தாய்க்குப் பிறக்கும் குழந்தை, பிறந்த இடத்துப் பாரிஷின் பொறுப்பாகிவிடும். அதனால் பேறுகாலம் நெருங்கிய பெண்களை அவசர அவசரமாக எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்ட கொடுமையும் நடந்தது. இன்று புல்லுக்குள் சாய்ந்து நிற்கும் கல்லுக்கு இப்பக்கமா அப்பக்கமா என்பது, ஒரு குழந்தைக்கு யார் சோறு போடுவார்கள் என்ற கேள்வியாக இருந்த காலம் அது. இதை அறிந்த பிறகு அந்தக் கற்களை வெறும் அலங்காரப் பொருளாகப் பார்க்க என்னால் முடிவதில்லை.

கற்கள் வருவதற்கு முன்பே எல்லைகள் எழுத்தில் வந்துவிட்டன. ஆங்கிலோ-சாக்ஸன் அரசர்கள் நிலம் வழங்கிய சாசனங்களில் கொடையின் விவரம் லத்தீனில் இருக்கும்; எல்லைப் பகுதி மட்டும் பழைய ஆங்கிலத்தில், உள்ளூர்க்காரர்கள் பேசிய மொழியில் இருக்கும். எல்லையை நடந்து காட்டப் போகிறவர்களுக்குத் தெரிந்த மொழி அதுதான் என்பதால் இந்தப் பிரிவு மிகவும் பொருத்தமானது. ஓர் இடத்தில் தொடங்கி, பெரும்பாலும் வலம் வரும் திசையில் நடந்து, கிழட்டு முள்மரம், ஓடைத்துறை, பழைய மேடு, பச்சைப் பாதை என்று ஒவ்வோர் அடையாளமாகச் சொல்லிக்கொண்டே போய், தொடங்கிய இடத்திலேயே வந்து முடிக்கும். எல்லைக்குப் பழைய ஆங்கிலத்தில் 'கெமேரே' என்று பெயர். ஆங்கிலத்தில் எல்லைக்கல்லை 'மியர்ஸ்டோன்' என்று சொல்வது அதிலிருந்து வந்தது. ஷெஃபீல்டு நகரத்திலுள்ள மீர்ஸ்புரூக் என்ற பகுதியின் பெயருக்கு எல்லையோடை என்று பொருள். யார்க்‌ஷையருக்கும் டார்பிஷையருக்கும் நடுவே எல்லையாக ஓடியது அந்த ஓடை. இச்சாசனங்களில் அடிக்கடி வரும் இன்னொரு சொல் 'ஹார்'. நரைத்தது என்பது அதன் பொருள். பாசி படர்ந்து நரைத்த கல் எல்லைக்கல்லாகவே நிற்கும் என்பதால் 'ஹோர் ஸ்டோன்' என்ற பெயர் பல ஊர்களில் ஒட்டிக்கொண்டது. 1066ஆம் ஆண்டு ஹேஸ்டிங்ஸ் போரைப் பற்றி எழுதும் ஆங்கிலோ-சாக்ஸன் நாளாகமத்தின் ஒரு படி, 'நரைத்த ஆப்பிள் மரத்தருகே' இரு படைகளும் சந்தித்ததாகச் சொல்கிறது. இங்கிலாந்தின் தலைவிதியை மாற்றிய போருக்கு முகவரியாக நின்றதும் எல்லாரும் அறிந்திருந்த ஒரு மரம்தான். அது எல்லைமரமாக இருந்திருக்க வேண்டும் என்று கருதுகிறவர்கள் உண்டு.

மரம் பட்டுப்போகும், ஓடை திசை மாறும். ஆகவே எல்லையை ஊராரின் நினைவில் பதித்துவைக்க ஒரு வழி தேவைப்பட்டது. ஆங்கிலத்தில் அதை 'எல்லையை அடித்தல்' என்பார்கள். இயேசுவின் விண்ணேற்றத் திருநாளை ஒட்டிய நாள்களில் குருவும் ஊர்ப்பெரியவர்களும் சிறுவர்களும் கையில் வில்லோ கழிகளோடு எல்லை முழுவதும் நடந்து, ஒவ்வோர் அடையாளத்தையும் கழியால் அடிப்பார்கள். வழியிலுள்ள பெரிய மரத்தடியில் நின்று நற்செய்தி வாசிப்பார்கள். வட லண்டனில் இன்று ரயில் நிலையத்தின் பெயராக நிற்கும் 'காஸ்பல் ஓக்' (நற்செய்தி ஓக்) அப்படி ஹாம்ஸ்டெட், செயின்ட் பாங்கிராஸ் ஆகிய பாரிஷ்களின் எல்லையில் நின்ற ஓக் மரத்தால் வந்த பெயர். சமயச் சீர்திருத்தக் காலத்தில் மற்ற ஊர்வலங்கள் நிறுத்தப்பட்டபோதும், முதலாம் எலிசபெத் அரசியின் 1559ஆம் ஆண்டு ஆணைகள் இந்த எல்லைநடையை மட்டும் விட்டுவைத்தன. பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவன் சபிக்கப்பட்டவன் என்ற விவிலியத்தின் உபாகம வாக்கியத்தை நடையின்போது உரக்கச் சொல்ல வேண்டும் என்றும் அவை விதித்தன.

சிறுவர்களை ஏன் அழைத்துப் போனார்கள் என்பதுதான் இதில் முக்கியம். கல் வரும் இடத்தில் ஒரு சிறுவனைத் தூக்கி அதன்மேல் இடிப்பார்கள், தலையைக் கல்லில் முட்டவைப்பார்கள், ஓடை வந்தால் அதில் தள்ளுவார்கள், சில இடங்களில் பிரம்பாலும் அடிப்பார்கள். பிறகு ரொட்டியோ காசோ கொடுத்துத் தேற்றுவார்கள். வலித்த இடம் மறக்காது என்ற கணக்கு அது. 50, 60 ஆண்டுகள் கழித்து எல்லை வழக்கு வரும்போது, அந்தச் சிறுவன் கிழவனாகச் சாட்சிக்கூண்டில் நின்று, இந்த இடத்தில்தான் என்னைக் கல்லில் இடித்தார்கள் என்று சொல்வான். வரைபடம் இல்லாத ஊருக்கு வரைபடமாக இருந்தது அவன் உடம்பு. ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் மைக்கேல் அட் த நார்த் கேட் தேவாலயத்தார் இன்றும் விண்ணேற்றத் திருநாளன்று கழிகளோடு புறப்படுகிறார்கள். நகரம் வளர்ந்து கட்டடங்கள் எழுந்துவிட்டதால் அவர்களுடைய எல்லைக்குறிகள் சில கடைகளுக்குள் மாட்டிக்கொண்டன. ஊர்வலம் கடைக்குள் நுழைந்து, அடையாளத்தை அடித்துவிட்டு, மறுபடி தெருவுக்கு வருகிறது. யார்க்‌ஷையரின் ரிச்மண்ட் நகரில் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லைநடை நடக்கிறது. அதில் நீர்க்காவலர் என்ற பொறுப்பிலுள்ளவர் ஸ்வேல் ஆற்றுக்குள்ளேயே இறங்கி நடக்கிறார், ஏனென்றால் அந்த நகரின் எல்லை அந்த ஆற்றுக்குள் போகிறது.

ஒரே ஒரு கல்லை மட்டும் நெருங்கிப் பார்க்க வேண்டுமானால், டெவன் கவுண்டியின் (மாவட்டத்தின்) டார்ட்மூரிலுள்ள நன்ஸ் கிராஸைத்தான் நான் காட்டுவேன். பிரின்ஸ்டவுன் ஊருக்குத் தெற்கே, மரமே இல்லாத புல்வெளியில், 7 அடிக்கு மேல் உயரமாகக் கருங்கல் சிலுவை ஒன்று தனியாக நிற்கிறது. அதன் பழைய பெயர் சிவார்டின் சிலுவை. மூன்றாம் ஹென்றி மன்னர் 1239இல் டார்ட்மூர் காட்டைத் தம் தம்பி ரிச்சர்டுக்குக் கொடுத்தார். காடு என்றதும் மரங்களை நினைக்கக் கூடாது. அரசரின் வேட்டைச் சட்டம் செல்லும் நிலம் என்பதே அன்றைய பொருள். கொடுத்த நிலம் எதுவரை என்று வரையறுக்க வேண்டியிருந்ததால், அடுத்த ஆண்டு, 1240இல், 12 வீரத்தலைவர்கள் அதன் எல்லையைச் சுற்றிவந்து பதிவு செய்தார்கள். அந்தப் பதிவில் இந்தச் சிலுவையின் பெயர் இருக்கிறது. பாரிஷ் கற்கள் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே, காட்டின் எல்லையைச் சொல்லிக்கொண்டு இது இங்கே நின்றிருக்கிறது.

சிலுவையின் கிழக்கு முகத்தில் சிவார்டு என்ற பெயரும், மேற்கு முகத்தில் 'போக் லோண்ட்' என்ற சொற்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்துகள் இன்று மிகவும் மழுங்கிவிட்டன; உச்சிவெயிலில் பார்த்தால் கல்லின் சொரசொரப்புதான் தெரியும், மாலை வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்தின் விளிம்பு நிழலாக எழும். போக் லோண்ட் என்பது 1278இல் நிறுவப்பட்ட பக்லண்டு மடத்தைக் குறிக்கிறது; சிலுவைக்கு மேற்கே இருந்தவை அந்த மடத்தின் நிலங்கள். உங்கள் கல்லுக்குச் சொன்ன விதி இங்கேயும் அப்படியே பொருந்துகிறது: எந்தப் பக்கத்து நிலம் யாருடையதோ, அந்தப் பக்கம் பார்க்கும் முகத்தில் அவர்கள் பெயர். பக்லண்டு என்ற பெயரே, சாசனம் எழுதி வழங்கிய நிலம் என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சாசனத்தில் எழுதிய எல்லை, ஊர்ப்பெயராகி, கடைசியில் கல்லிலும் ஏறிவிட்டது. சிலுவையின் தண்டு 19ஆம் நூற்றாண்டில் உடைந்து விழுந்தது. உடைந்த துண்டுகளை இரும்புப் பட்டைகளால் இணைத்து மறுபடி நிறுத்தினார்கள். அந்தப் பட்டைகளை இன்றும் காணலாம்.

அதே டார்ட்மூரில் முழுக்க வேறு வகைக் கற்களும் உண்டு. பர்ரேட்டர் நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த மேடுகளில் 'பி.சி.டபிள்யூ.டபிள்யூ. 1917' என்று வெட்டிய கற்கள் வரிசையாக நிற்கின்றன. பிளிமத் மாநகராட்சி நீர்நிலையம் தன் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் குறிக்க நட்டவை அவை. வாரன் ஹவுஸ் விடுதிக்கு அருகிலுள்ள பென்னட்ஸ் கிராஸ் என்ற பழைய சிலுவையில் 'டபிள்யூ.பி.' என்று பிற்காலத்தில் வெட்டியிருக்கிறார்கள். இறைச்சிக்கும் தோலுக்கும் முயல் வளர்த்த பண்ணையின் எல்லை என்பது அதன் பொருள். ஆகவே எழுத்தைப் பார்த்தவுடன் பாரிஷ் என்று முடிவு கட்டிவிடாமல், அங்கே யார் யாரிடம் எதை வசூலித்தார்கள், எதைக் காத்தார்கள் என்று கேட்பது நல்லது.

வடக்கு யார்க்‌ஷையர் மூர்கள் எனப்படும் மரமற்ற மேட்டுவெளிகளிலுள்ள லில்லா கிராஸ் இன்னொரு செய்தியைச் சொல்கிறது. 626இல் நார்தம்பிரிய மன்னர் எட்வினைக் கொல்ல வந்தவனின் கத்திக்குத் தன் உடலைக் கொடுத்து மன்னரைக் காத்த லில்லாவின் பெயர் அந்தச் சிலுவைக்கு வழங்குகிறது. சிலுவையின் வேலைப்பாடு அந்த நிகழ்ச்சிக்குப் பிற்பட்டது. பாரிஷ் எல்லைகள் கூடும் இடத்தில் அது நிற்கிறது. 1952இல் அந்தப் பகுதி ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சிக் களமாக ஆனபோது, குண்டுபட்டுச் சிதறாமல் இருக்கச் சிலுவையைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டார்கள். 1962இல் மறுபடி பழைய மேட்டுக்கே கொண்டுவந்தார்கள். அந்த 10 ஆண்டுகளும் சிலுவை வேறிடத்தில் நின்றது. எல்லையோ இருந்த இடத்திலேயே இருந்தது.

கல்லே இல்லாத எல்லைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவைதான் அதிகம். 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆல்ஃபிரட் மன்னருக்கும் டேனியத் தலைவர் குத்ரமுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கை, எல்லையைத் தேம்ஸ் ஆற்றின் வழியாகவும், லீ ஆற்றில் அதன் ஊற்றுவரையிலும், அங்கிருந்து நேராக பெட்ஃபோர்டுக்கும், பின்னர் ஊஸ் ஆற்றின் வழியாக வாட்லிங் ஸ்ட்ரீட் என்னும் ரோமானியச் சாலைக்கும் கொண்டுபோகிறது. அதே வாட்லிங் ஸ்ட்ரீட், இன்று ஏ5 நெடுஞ்சாலையாக, வாரிக்‌ஷையருக்கும் லெஸ்டர்‌ஷையருக்கும் நடுவே மைல் கணக்கில் எல்லையாக ஓடுகிறது. காரில் போகிறவர்களில் பெரும்பாலோர் அதை அறிவதில்லை. வேல்ஸின் ஓரமாக 8ஆம் நூற்றாண்டில் மெர்சியா என்ற ஆங்கிலோ-சாக்ஸன் அரசின் ஆஃபா மன்னர் எழுப்பிய மண்கரையில் பள்ளம் வேல்ஸ் பக்கமாக இருக்கிறது. எந்தப் பக்கத்தார் கட்டியது என்பதற்கு அந்தப் பள்ளத்தின் பக்கமே சாட்சி.

பள்ளத்தின் பக்கத்தை வைத்து உரிமையைச் சொல்லும் இந்த வழக்கம் வயல் எல்லைகளுக்கும் உண்டு. ஆங்கிலச் சட்டம் இன்றும் அதை ஏற்கிறது. இரண்டு வயல்களுக்கு நடுவில் உயிர்வேலியும் அதையொட்டிப் பள்ளமும் இருந்தால், மாற்றுச் சான்று இல்லாதவரை, எல்லை வேலியில் இல்லை, பள்ளத்தின் எதிர்க்கரையில் இருக்கிறது. தன் நிலத்தின் கடைசி ஓரம்வரை போய் ஒருவன் பள்ளம் தோண்டுகிறான். தோண்டிய மண்ணை அயலான் நிலத்தில் கொட்ட முடியாது என்பதால் தன் பக்கமே கொட்டுகிறான். அந்த மண்கரையின் மேல் வேலிச்செடி நடுகிறான். ஆகவே வேலியும் பள்ளமும் இரண்டுமே அவனுடையவை. 1810ஆம் ஆண்டு வழக்கொன்றில் நீதிபதி இதைத் தெளிவாகச் சொன்னார். அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1999இல் இதை உறுதிசெய்தது. மண்வெட்டி பிடித்தவனின் வேலைமுறையிலிருந்தே ஒரு சட்டவிதி பிறந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வேலியின் வயதைக் கணிக்க மாக்ஸ் ஹூப்பர் என்ற இயற்கையியல் அறிஞர் ஒரு கணக்குச் சொன்னார்: 30 கஜ நீளத்தில் எத்தனை வகை மரம், புதர் இருக்கிறதோ, வேலிக்கு அத்தனை நூறு வயது. மண்ணும் ஊரும் மாறும்போது இந்தக் கணக்குப் பிசகும். எனவே இதைத் தோராயக் குறிப்பாக மட்டுமே கொள்ள வேண்டும். பொதுவெளிகளைப் பங்குபோட்ட 18, 19ஆம் நூற்றாண்டுச் சட்டங்களின்படி நட்ட வேலிகள் நூல் பிடித்தாற்போல் நேராக, பெரும்பாலும் ஒரே முட்செடியாக இருக்கும். பழைய பாரிஷ் எல்லை வேலியோ வளைந்து நெளிந்து, பல செடிகள் கலந்து போகும்.

இத்தனை காலம் ஊராரின் நினைவில் இருந்த கோடுகள் காகிதத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில். 1841இல் நிறைவேறிய சட்டம், பொது எல்லைகளை விசாரித்துப் பதியும் அதிகாரத்தை நாட்டின் வரைபடத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேக்கு அளித்தது. ஒவ்வொரு பாரிஷுக்கும் எல்லையறிந்த ஒருவரை நியமித்தார்கள். அவருக்கு மியர்ஸ்மேன் என்று பெயர். அண்டைப் பாரிஷின் மியர்ஸ்மேனும் கூடவே நடக்க, அளவையாளர்கள் குறிப்பெடுத்தார்கள். அந்தக் குறிப்பேடுகள் இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய வரைபடங்களில் புள்ளிக்கோட்டின் ஓரம் காணும் சிறு எழுத்துகளும் அந்த நடையிலிருந்து வந்தவையே: 'ஆர்.எச்.' என்றால் வேலியின் வேர், 'சி.எஸ்.' என்றால் ஓடையின் நடு, 'பி.எஸ்.' என்றால் எல்லைக்கல். '4 அடி ஆர்.எச்.' என்று இருந்தால், எல்லை வேலியின் வேரிலிருந்து 4 அடி தள்ளிப் போகிறது என்று பொருள். வேலி நட்டவனின் பள்ளத்துக்கான இடம்தான் அந்த 4 அடி.

எல்லை போன பிறகும் கல் நிற்பதுண்டு. லண்டனைச் சுற்றிச் சாலையோரங்களில் வெள்ளை பூசிய வார்ப்பிரும்புக் கம்பங்கள் 200க்கு மேல் எஞ்சியிருக்கின்றன. அவற்றைத் தாண்டி நகரத்துக்குள் வரும் நிலக்கரிக்கு வரி கட்ட வேண்டும் என்று 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நட்டவை அவை. அந்த வரி 1890ஆம் ஆண்டு வாக்கில் ஒழிந்துவிட்டது; கம்பங்கள் மட்டும் நிற்கின்றன. மோர்டன்-இன்-மார்ஷ் ஊருக்குக் கிழக்கே 9 அடி உயரமுள்ள நான்கு கவுண்டிக் கல் இருக்கிறது. கிளாஸ்டர்‌ஷையர், ஆக்ஸ்ஃபோர்டுஷையர், வாரிக்‌ஷையர், வூஸ்டர்‌ஷையர் ஆகிய நான்கும் அங்கே கூடின. 1931இல் வூஸ்டர்‌ஷையரின் பகுதி கிளாஸ்டர்‌ஷையருக்கு மாறியதால் இப்போது அங்கே கூடுவன மூன்றுதான். கல்லோ இன்னும் நான்கு பெயர்களைத் தாங்கி நிற்கிறது.

இனி உங்கள் கல்லுக்கு வருவோம். அதில் எண்களும் ஊர்ப்பெயரும் இருந்தால் அது மைல்கல்லாக இருக்கலாம். ஒரு கிடைக்கோடும் அதன்கீழ் அம்புக்குறியும் இருந்தால், அது கடல்மட்டத்திலிருந்து உயரத்தைக் குறிக்க ஆர்ட்னன்ஸ் சர்வே வெட்டிய குறி. எல்லைக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனால் எல்லைக்கற்களின் மேலேயே அதை வெட்டியிருப்பதும் உண்டு. எழுத்துகள் மட்டும் இருந்தால், ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்துள்ள பழைய 6 அங்குல (ஒரு மைலுக்கு 6 அங்குலம் என்ற அளவில் வரைந்த) வரைபடத்தில் அந்த வயலைத் தேடுங்கள். இங்கிலாந்து முழுவதற்கும் அங்கே வரைபடம் உண்டு. புள்ளிக்கோடும் 'பி.எஸ்.' என்ற எழுத்துகளும் அந்த இடத்தில் இருந்தால் ஐயமில்லை. கோட்டின் இருபுறமும் எழுதியிருக்கும் பாரிஷ் பெயர்களோடு உங்கள் கல்லின் எழுத்துகளை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

சட்ட மதிப்பைப் பொறுத்தவரை, இன்றைய பாரிஷின் எல்லையைத் தீர்மானிப்பது அரசாணையும் அதனோடு இணைந்த வரைபடமும்; கல்லை நகர்த்தினால் எல்லை நகராது. ஆனால் இத்தகைய கற்கள் பல, பாதுகாக்கப்பட்ட கட்டுமானங்களின் தேசியப் பட்டியலில் இருக்கின்றன. அனுமதியின்றிப் பெயர்ப்பதோ சேதப்படுத்துவதோ குற்றம். பாசியைச் சுரண்டவும் வேண்டாம், எழுத்தில் சுண்ணக்கட்டி தேய்க்கவும் வேண்டாம். மாலையில் போய் ஒரு டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாலே எழுத்துத் தெரியும். பிறகு வரைபடத்தின் புள்ளிக்கோட்டைப் பிடித்துக்கொண்டு, பொதுப்பாதை இருக்கும் வரை நடந்து பாருங்கள். எல்லைக்கோடு திரும்பும் மூலைகளில்தான் கற்களை நடுவது வழக்கம் என்பதால், அடுத்த திருப்பத்தில் வேலியடியில் உள்ள புதரை விலக்கினால் அதன் ஜோடிக்கல் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.